குடும்ப வரலாறு தேடுவது எப்படி: பெரியவர்களின் பேச்சிலிருந்து பத்திர அறை வரை

குடும்ப வரலாறு தேட ஆரம்பிக்கிற பலரும் முதலில் கேட்பது, "நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?" என்றுதான். அது கடைசியில் விடை கிடைக்கக்கூடிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இதைவிடச் சின்னது: "என் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? அதற்கு என்ன ஆதாரம்?" இந்த ஒரு கண்ணி உறுதியானால்தான் அடுத்த கண்ணியைப் பிடிக்க முடியும்.

என் குடும்பத்துக்காக இந்த வேலையைச் செய்து முடித்த பிறகு, சொந்தக்காரர்களும் நண்பர்களும் இதைத் தொடங்கி நடுவழியில் நிற்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் நின்றுபோனது வரிசை தப்பியதால். பாட்டியிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். தமிழ்நாட்டில் வேர் உள்ள குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன்: நோட்டும் எண்ணும்

ஒரு நீள நோட்டு, குரல் பதிவு செய்ய ஒரு ஃபோன், இவ்வளவு போதும். மரம் வரையும் மென்பொருளை இப்போதே இறக்க வேண்டாம். பாதித் தகவலோடு மரம் வரைந்தால், கட்டத்தை நிரப்பும் ஆசையில் ஊகங்களை எழுதிவிடுவோம்.

நோட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுங்கள். நம் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அண்ணன், தம்பி இருவரின் மூத்த மகன்களுக்கும் ஒரே பெயர் இருக்கும். "முத்தையா" என்று மட்டும் எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து அது எந்த முத்தையா என்று உங்களுக்கே தெரியாது. மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டிய குடும்பத்தில், ஒரே ஆள் மரத்தில் இரண்டு இடங்களில் வருவார். எண் இருந்தால் இரண்டும் ஒருவரே என்பது தெரியும்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்றைக் குறியுங்கள்: யார் சொன்னது அல்லது எந்தத் தாளில் இருந்தது, என்றைக்குக் கிடைத்தது, நேரில் அறிந்ததா கேள்விப்பட்டதா. இரண்டு தகவல்கள் முட்டிக்கொள்ளும்போது எதை நம்புவது என்று இந்தக் குறிப்புதான் சொல்லும்.

2. பெரியவர்களிடம் கேட்பது

தாள் எங்கும் போகாது. எண்பது தாண்டியவரிடம் கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அதனால் இதுதான் முதல் வேலை. வயதில் மூத்தவரிடம் மட்டும் போகாதீர்கள். ஊரிலேயே தங்கிவிட்ட கடைசித் தம்பி, கல்யாணமாகி வெளியூர் போன அத்தை, இவர்களுக்கு வேறு கதைகள் தெரிந்திருக்கும். அத்தைமார்களுக்குப் பிறந்த வீட்டு உறவுமுறைகள் துல்லியமாக நினைவில் இருப்பதைத் திரும்பத் திரும்பக் கவனித்திருக்கிறேன்.

"நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் பதில் வராது. "உங்க கல்யாணத்துல தாய்மாமன் முறை யார் செஞ்சது? அவர் எந்த ஊர்ல இருந்து வந்தார்?" என்று கேளுங்கள். ஆள், ஊர், உறவு மூன்றும் சேர்ந்து வரும். காதுகுத்து, இழவு, சொத்துத் தகராறு, ஊர்த் திருவிழா, இப்படி நிகழ்ச்சியைப் பிடித்துப் போனால் பெயர்கள் தானாக விழும்.

பழைய தலைமுறைப் பெண்கள் பலர் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பேத்தி பெயரைச் சொல்ல, பாட்டி தலையாட்டினால் போதும். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து விரலால் காட்டச் சொன்னாலும் சரி.

ஆண்டு கேட்காதீர்கள், எதையொட்டி நடந்தது என்று கேளுங்கள். "காந்தி செத்தப்போ நான் கைக்குழந்தை" என்றால் பிறந்தது 1947 வாக்கில். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். காவிரிக் கரைக்காரர்களுக்கு 1924 பெருவெள்ளம், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு 1942. தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தாவின் தாத்தாவைப் பற்றிய பேச்சு வந்தால் அது 1876 முதல் 78 வரை.

பெயர்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள், முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காதபோது வைக்கப்பட்டவை. போதும்பொண்ணு என்று ஒரு பாட்டி இருந்தால் அவருக்கு அக்காமார்கள் இருந்திருக்க வேண்டும். "அவங்களுக்கு முன்னாடி பிறந்தவங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க இது வழி.

இரண்டாம் தாரம், தத்து, ஊரைவிட்டுப் போனது, தற்கொலை, இவற்றை ஒருவர் சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் மரத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதால் நட்டமில்லை. அந்தப் பெரியவர் மறுபடி உங்களோடு பேச வேண்டும்.

3. வீட்டுக்குள் இருக்கும் தாள்கள்

பரணும் இரும்புப் பெட்டியும் அடுத்தது. ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பணி ஓய்வுத் தாள்கள், கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றையும் இருந்த வரிசை கலையாமல் படம் எடுங்கள். ஒரே கட்டில் இருந்த தாள்கள் பெரும்பாலும் ஒரே விவகாரத்தைச் சேர்ந்தவை. அந்தச் சேர்க்கையே ஒரு தகவல்.

ஜாதகத்தில் உள்ள பிறந்த தேதியைப் பள்ளிச் சான்றிதழை விட நம்பலாம். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டது அந்தக் காலத்தில் சகஜம். அதனால் இரண்டும் வேறுபட்டால் பதறாமல் இரண்டையும் எழுதிவையுங்கள்.

மொய் நோட்டைத் தூக்கி எறியும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். ஒரு கல்யாணத்துக்கு எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள் என்பது அதில் வரிசையாக இருக்கிறது. தாய்மாமன், சம்பந்தி, பங்காளி என்று வகை பிரித்துப் பார்த்தால், தொடர்பு விட்டுப்போன கிளைகள் எந்த ஊர்களில் இருக்கின்றன என்று தெரியும்.

4. ஊரைச் சரியாகப் பிடிப்பது

அலுவலகம் போகும் முன் இது முடிந்தாக வேண்டும், ஏனென்றால் எல்லாப் பதிவுகளும் ஊர் வாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. குடும்பத்தில் சொல்லும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் குக்கிராமத்தின் பெயர். பதிவு இருப்பது வருவாய் கிராமத்தின், அதாவது நிலக் கணக்குக்காக அரசு வகுத்த கிராமத்தின் பெயரில். நில வரி ரசீதோ பட்டாவோ இருந்தால் அதில் வருவாய் கிராமம் இருக்கும். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

மாவட்டமும் மாறியிருக்கும். 1980-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர் இன்று தூத்துக்குடியிலோ தென்காசியிலோ இருக்கலாம். பழைய தஞ்சாவூர் இன்று நான்கு மாவட்டங்கள். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால், அங்கே பழைய பத்திரம் மலையாளத்தில் வரக்கூடும். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் உண்டு. அவற்றில் பலவற்றின் படங்களைப் பிரான்ஸின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது.

5. தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்வது

பத்திரம் கைக்கு வரும் முன் இந்தக் கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஆளை அறுபது வருஷம் தள்ளி வைத்துவிடுவீர்கள்.

தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். "துந்துபி வருஷம்" என்றால் 1982, 1922, 1862 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். முத்திரைத்தாளின் மதிப்பு, அதில் உள்ள அரசர் தலை, கூட இருக்கும் ஆட்கள், இவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சித்திரையில் வருஷம் பிறப்பதால், துந்துபி மாசி மாதம் என்பது 1923-இல் விழும், 1922-இல் அல்ல. புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது.

வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. தெற்கே கொல்லம் ஆண்டு வரும். 824 கூட்டுங்கள். கொல்லம் 1100 ஆவணியில் தொடங்கியது, அது 1924 ஆகஸ்ட்.

தமிழ் எண்களையும் ௵, ௴, ௳ என்ற வருஷம், மாதம், நாள் குறிகளையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றாகத் தெரியும். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பெயர் புரியாவிட்டால் அதே எழுத்தர் தெரிந்த சொல்லை எப்படி எழுதியிருக்கிறார் என்று அதே பக்கத்தில் தேடுங்கள். "குமாரர்", "மேற்படி" போன்ற சொற்கள் எல்லாப் பத்திரத்திலும் வரும். அவற்றை வைத்து அவர் கையெழுத்தைப் பழகிவிடலாம்.

6. பத்திரங்கள்

நிலமோ வீடோ வைத்திருந்த குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த ஆதாரம் கிடையாது. நம் பத்திரங்களில் ஒவ்வொருவரும் "இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்றே எழுதப்படுவார். அதாவது ஒவ்வொரு பத்திரமும் தந்தை-மகன் உறவுக்கு, அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட சாட்சி.

முதலில் வீட்டில் இருக்கும் மூலப்பத்திரத்தை முழுசாகப் படியுங்கள். சொத்து எப்படி வந்தது என்ற பகுதிதான் முக்கியம். "பிதுரார்ஜிதமாகக் கிடைத்து" என்றால் தந்தை வழியில் வந்தது. "இன்ன தேதியில் இன்னாரிடம் கிரயம் பெற்று" என்றால், முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதன் நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடலாம்.

பத்திரமே இல்லையென்றால் நிலத்தின் புல எண்ணிலிருந்து (சர்வே எண்) தொடங்குங்கள். பட்டாவிலும், கிராமத்து நிலங்களின் கணக்கான அ-பதிவேட்டிலும் எண் இருக்கும். வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் இவற்றைப் பார்க்கலாம். அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்று வரிசையாக வரும். 1975-க்குப் பிந்தையது பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் தேடித்தரக் கேட்க வேண்டும். பழைய காலத்துக்குப் போகும்போது இன்றைய எண்ணைக் கொடுத்தால் எதுவும் வராது. அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென ஒரு பத்தி இருக்கும், அதைக் கொடுங்கள். பதிவு மாவட்டங்களும் பிரிந்திருப்பதால், பழைய புத்தகங்கள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்று முதலில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு அலுவலகங்களில் சொத்து வாரியாக மட்டுமல்லாமல் ஆள் பெயர் வாரியாகவும் ஓர் அட்டவணை உண்டு. கட்டணம் கட்டினால் சொத்துப் பத்திரங்களின் புத்தகத்தையும் அட்டவணைகளையும் யாரும் பார்வையிடலாம் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. பதிவான உயிலுக்குக் கட்டுப்பாடு உண்டு. எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம்.

பத்திரங்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத்தான் முதலில் தேடுவேன். அண்ணன் தம்பிகள் எல்லோரும், சில சமயம் சித்தப்பா மக்களும் ஒரே தாளில் நிற்பார்கள். வயசுக்கு வராத பிள்ளைகள் இருந்தால் "மைனர்களின் தாயாரும் கார்டியனுமான" என்று எழுதுவார்கள். வேறெங்கும் கிடைக்காத பாட்டி பெயர் அங்கே கிடைக்கும். மூத்த தாரத்து மக்கள், இளைய தாரத்து மக்கள் என்ற பிரிவும் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

இறந்த தேதி தெரியாதவருக்கும் பத்திரங்களை வைத்து எல்லை கட்டலாம். 1931-இல் ஒருவர் தானே கைநாட்டு வைத்திருக்கிறார், 1938 பத்திரத்தில் அவர் மகன் "காலஞ்சென்ற" தந்தை என்கிறார். அப்படியானால் இறப்பு அந்த ஏழு ஆண்டுகளுக்குள். இனி இறப்புப் பதிவேட்டில் அந்தக் காலத்தை மட்டும் தேடினால் போதும்.

7. பெண்கள் வழியைத் தனியாகத் தேடுவது

ஆண் வழியை மட்டும் பின்தொடர்ந்தால் குடும்பத்தில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். பாகப்பிரிவினையில் மகள் பெயர் இல்லை என்பதால் மகளே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள், இது பெரிய தவறு. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தமிழ்நாட்டில் மகளுக்குப் பிறப்பால் பங்கு வந்தது 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

1956-க்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கில் மகளுக்கும் உரிமை என்று அந்த ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சொன்னதால், சகோதரிகள் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரங்கள் நிறைய உண்டு. எல்லாச் சகோதரிகளும், அவர்கள் கணவர் பெயர், ஊரோடு அதில் இருப்பார்கள். அந்த உரிமை விடுதலைகளில் எத்தனை மனம் விரும்பி நடந்தவை என்பது வேறு கேள்வி, ஆனால் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. சீதனமாகக் கொடுத்த தானசெட்டில்மென்ட், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் பாருங்கள்.

8. பிறப்பு இறப்புப் பதிவு, கோயில், தேவாலயம், ஜமாத்

பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்திருப்பார்கள், "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். தந்தை, தாய் பெயரையும் ஊரையும் கொடுத்துத் தேடுங்கள். கிராமங்களில் பதிவே செய்யாமல் விட்டதும் மிகுதி, ஆகவே பதிவு இல்லையென்றால் பிறக்கவில்லை என்று அர்த்தமில்லை.

குலதெய்வக் கோயில் பல குடும்பங்களுக்கு இப்போதைய ஊரில் இருக்காது. முன்னோர் புறப்பட்டு வந்த பகுதியில் இருக்கக்கூடும். அங்கே வரி கொடுக்கும் பங்காளிகளின் பட்டியல் நிர்வாகியிடம் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள மூத்தவர்களிடம் இரண்டாம் படியை மறுபடி நடத்துங்கள். உபயக் கல்வெட்டுகளைப் படம் எடுங்கள். நகரத்தார் குடும்பங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்களில் புள்ளிக் கணக்கு, அதாவது கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணும் கணக்கு உண்டு.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் தந்தையோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் உறவினர்கள் என்பதால் அவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் இலத்தீனில் இருக்கலாம், பெயர்களின் வடிவம் மாறியிருக்கும். இஸ்லாமியக் குடும்பங்கள் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம்.

9. நிலம் இல்லாத குடும்பங்கள், கடல் கடந்தவர்கள்

பத்திரம் இல்லாத குடும்பத்துக்கு வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊருக்கு ஊழியம் செய்த குடும்பங்களுக்கு மானியம் இருந்திருந்தால், 1860-களில் எழுதப்பட்ட இனாம் பதிவேடுகளில் பெயரும் வாரிசும் இருக்கக்கூடும். 1892-க்குப் பிறகு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பெற்றவர்களின் பெயர் வருவாய்க் கணக்கில் இருக்கும். ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, மில், ரயில்வே பணிப் பதிவு ஆகியவையும் உண்டு. உலகப் போர்களில் இறந்த வீரர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய 1,52,000 பேர் போனார்கள், முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம் இருக்கும். மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணி மூலம் போனதால், கங்காணியின் ஊரைக் கண்டுபிடியுங்கள். தன் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்தவர்களையே அவர் கூட்டிப்போவது வழக்கம். ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

10. ஆவணக் காப்பகம், மரபணுச் சோதனை

இப்போதுதான் எழும்பூர். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது வருவாய் கிராமம், பழைய தாலுகா, பழைய மாவட்டம், தேடும் காலம், இந்த நான்கும் தாளில் இருக்க வேண்டும். குடும்பப் பெயரைச் சொல்லித் தேட அங்கே வழியில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் தேடலாம் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். இந்தியக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் பெயர்கள் பொதுப் பார்வைக்கு இல்லை.

மரபணுச் சோதனை பெயரும் ஊரும் தராது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல் காட்டும். கையில் ஆதாரத்தோடு மரம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

11. எழுதிவைத்துப் பகிர்வது

இந்த நிலையில் மென்பொருளில் ஏற்றலாம். 'கிராம்ப்ஸ்' இலவசம், ஆதாரத்தைக் குறிக்கவும் இடம் தருகிறது. ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். ஒரு அரசரையோ ஜமீனையோ முன்னோர் என்று குடும்பத்தில் சொன்னால், "இன்னார் சொன்னது" என்று குறித்துவிட்டு, நடுவில் உள்ள கண்ணிகளைக் காலியாகவே விடுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, சொத்து விவரத்தை நீக்கிய பிரதியை மட்டும் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். தாய்ப் பிரதி உங்களிடம் இருக்கட்டும். அச்சிட்ட பிரதி ஒன்றை ஊரில் இருக்கும் வீட்டிலும், ஒன்றை வேறு ஊரில் உள்ள அத்தை வீட்டிலும் வையுங்கள். திருத்தம் எழுத ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அச்சிட்டால், அடுத்த விசேஷத்தில் கூடும்போது பெரியவர்களே பேனாவை எடுத்துத் திருத்தித் தருவார்கள். அந்தத் திருத்தத்துக்கும் பெயரும் தேதியும் குறித்துக்கொள்ளுங்கள்.